கண் வைத்த படகு

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு திருநகரிலுள்ள நமது இல்லத்திற்குத் திரும்பிய நாம், வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடி நிற்கக் கண்டு நெஞ்சு பதறினோம். ஓர் ஆலிமின் வீட்டு வாசலில் கூட்டம் கூடுகிறதென்றால், ஒன்று மவ்த்துச் செய்தியாக இருக்க வேண்டும். அல்லது கணவன் மனைவி வழக்காக இருக்க வேண்டும். அருகே சென்ற பின்னரே இரண்டும் அன்று எனத் தெரிந்தது. லாரியிலிருந்து ஒரு படகை இறக்கிக் கொண்டிருந்தார்கள். மஞ்சள் நிறம், பன்னிரண்டு அடி நீளம், வாழைப்பூ மடலை மல்லாத்தி வைத்தாற்போன்ற வடிவம், முழுவதும் பிளாஸ்டிக்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "என்ன ஹஜ்ரத், வைகையில் வெள்ளம் வரப்போகிறதென்று உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே தகவல் வந்துவிட்டதா?" என்று கேட்டார். நூஹ் நபியின் கப்பலை மனத்தில் வைத்துத்தான் அவர் கேட்டாரென்பது நமக்கும் விளங்கிற்று. அவருடைய வியப்பிலும் நியாயம் உண்டு. திருநகரில் நின்று பார்த்தால் தெரிவது திருப்பரங்குன்றத்து மலை. நீர் என்று சொல்லத்தக்கவை தென்கால் கண்மாயும் நிலையூர்க் கண்மாயும்தான். அவையும் மழை பெய்தால் உண்டு. கடலோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

படகு நம்முடையதன்று, நமது மருமகனுடையது. நமது ராத்தாவைத் தொண்டியில் மணமுடித்துக் கொடுத்தோம். அவருடைய ஒரே மகன் ஒன்பது ஆண்டுகள் அமீரகத்தின் புஜைராவில் வேலை பார்த்தான். நிறுவனம் மூடப்பட்டதும், கையில் கொஞ்சம் பணத்துடனும் தலையில் நிறையக் கடனுடனும் ஊர் திரும்பினான். புஜைராவில் அவன் கற்று வந்த ஒரே கலை, வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் 'காயக்' என்னும் ஒற்றையாள் ஓடத்தில் கடலுக்குச் சென்று தூண்டில் போடுவது. அத்தகைய ஓடமொன்றை வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்தான். சரக்கு வண்டிக்காரர்கள் மதுரைக்கு மேல் வர மறுத்துவிட்டமையால், அது பதினாறு நாட்கள் நமது வீட்டுத் திண்ணையின் முன்னே விருந்தாளியாகத் தங்கிற்று.

காயக் என்பது வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளின் இன்யூட் மக்கள் தந்த சொல், தந்த பொருளுங்கூட. கடலில் ஒதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி, வேட்டையாடும் ஒருவன் இடுப்பளவு உள்ளே நுழைந்து அமர்ந்துகொள்ளும் ஓடம் அது. மீன்பிடிக்க இன்று விற்கப்படும் பிளாஸ்டிக் காயக்கோ பெரும்பாலும் வேறு வகை. அதில் ஆள் உள்ளே நுழைவதில்லை; மேலே உட்காருகிறான். உடல் முழுவதும் மூடிய கூடு; அலை மேலே ஏறினால் தண்ணீர் வடிந்தோட ஊடுதுளைகள். மருமகன் இதனை விளக்கியபோது நாம், "அப்படியானால் இது கட்டுமரந்தானே!" என்றோம். அவன் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டான். கட்டுமரமும் நீரைத் தடுப்பதில்லை. மரங்களின் இடுக்கு வழியே வரவிட்டுப் போகவிடுகிறது. ஆகவேதான் அது மூழ்குவதுமில்லை. நமது இச்சொல்லை 17ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துச் சென்ற ஆங்கிலேயர், பிற்காலத்தில் அதனை இரட்டை உடல் கொண்ட வேறொரு படகுக்குச் சூட்டிவிட்டார்கள். பொருள் ஒருபுறமும் பெயர் ஒருபுறமுமாகப் போய்விட்டது.

படகு வந்த அன்றிரவு, உண்டு முடித்த பின்னர் மருமகன் மெல்லப் பேச்சைத் தொடங்கினான். ஒற்றைத் தூண்டில் மீனை விற்றுக் கடன் அடைபடாது என்பது அவனுக்கே தெரியும். அவன் நம்பியிருந்தது வேறொன்றை. இராமநாதபுரம் மாவட்டத்து மூக்கையூரிலிருந்து 'உங்கள் மீனவன்' என்னும் பெயராலும், தூத்துக்குடியிலிருந்து 'தூத்துக்குடி மீனவன்' என்னும் பெயராலும் மீனவ இளைஞர்கள் தாங்கள் கடலில் செய்யும் தொழிலைக் காமிராவில் பிடித்து யூடியூபில் வெளியிட்டு வருவதையும், கடலையே கண்டிராத மக்கள் பல இலட்சம் பேர் அவற்றை விரும்பிப் பார்ப்பதையும் நமக்குக் காட்டினான். வலை இழுப்பதையும் மீன் தரம் பிரிப்பதையும் நடுக்கடலில் குழம்பு வைப்பதையும் நாமும் அன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை மறைப்பானேன்?

"அவர்களெல்லாம் நாலைந்து பேராகப் போகிறார்கள் மாமா. ஒருத்தர் காமிராவைப் பிடித்துக்கொள்வார். நான் தனியாள். படகிலேயே காமிராவை நட்டுவிட வேண்டும். அதற்கு நீங்கள் இரண்டு உதவி செய்ய வேண்டும்" என்றான்.

ஒன்று, இத்தொழில் மார்க்கத்தில் ஆகுமா என்று சொல்வது. மற்றொன்று, காமிரா வாங்கப் பணம் தருவது. இரண்டாவது எளிதாயிருந்தது. 'ஃபத்ஹுல் பாரி'யின் பைரூத் பதிப்பு வாங்குவதற்கென நாம் ஒதுக்கி வைத்திருந்த பணம் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தோம். முதலாவதுதான் நம்மைச் சற்றுத் தயங்க வைத்தது.

நாம் ஓதிய காலத்தில் நமது உஸ்தாது, கடவுச்சீட்டுக்குத் தவிர வேறு எதற்கும் படம் எடுக்க இசையாதவர். உருவம் சமைத்தலைக் குறித்த எச்சரிக்கைகளை அவர் ஓதிக் கொடுத்தபோது குரல் தழுதழுத்தது இன்னும் நம் காதில் நிற்கிறது. அதே வேளையில், 1914இல் எகிப்தின் முஃப்தியாகப் பொறுப்பேற்ற முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் புகைப்படம் பற்றித் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதி, இது உருவம் சமைப்பதன்று, ஒளியின் வழியே விழுந்த நிழலை நிறுத்தி வைப்பதே என்று வாதித்து ஆகுமென்றார். கண்ணாடியில் தெரியும் உருவம் நிலைத்துவிட்டால் எப்படியோ அப்படி. இந்திய உலமாக்களில் பலர் இவ்வாதத்தை ஏற்கவில்லை. கருத்து வேற்றுமை உள்ள இடத்தில் வயிற்றுப் பிழைப்புக்கு வழி தேடும் ஒருவனைக் கதவடைத்து அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. "பொய் கலவாமலும், பிறர் மானத்தைத் தொடாமலும் செய்" என்றோம். அன்று அத்துடன் கேள்வி தீர்ந்துவிட்டதென நினைத்தோம்.

காமிரா வந்தது. தீப்பெட்டிகள் நான்கைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவே. நூற்றைம்பது கிராம் எடை இருக்கும். அலைச்சறுக்கு விளையாட்டில் பித்துக் கொண்ட நிக் வுட்மன் என்னும் அமெரிக்கர், தான் அலைமேல் செல்வதைத் தானே படம் எடுக்க விரும்பி 2002இல் தொடங்கிய கோப்ரோ நிறுவனந்தான் இவ்வகைக் காமிராவை உலகில் பரப்பிற்று. 2004இல் வெளிவந்த அதன் முதல் காமிரா மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பிலிம் காமிரா. இரு கைகளுக்கும் வேலை இருக்கிறவனுக்கென்று பிறந்த கருவி இது. துடுப்புப் போடுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன?

இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு. காமிரா என்னும் சொல் அரபியிலிருந்து பிறந்ததென்று நம்மவர் மேடைகளில் முழங்குவதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அது சரியன்று. அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அது. 'இருட்டறை' என்னும் தொடரின் எஞ்சிய பாதி. பெருமை சொல்லில் இல்லை, அறையில் இருக்கிறது. பஸராவில் பிறந்து காஹிராவில் வாழ்ந்து மறைந்த அபூ அலீ இப்னுல் ஹைதம் அவர்கள், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி எவ்வாறு நுழைகிறதென்பதைச் சோதித்து எழுதினார்கள். கிரகணத்தின்போது துளை வழியே விழும் வெளிச்சம் சூரியனைப் போலவே பிறை வடிவம் கொள்வதேன் என்பதற்கென்றே தனிக் கட்டுரை வரைந்தார்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறதென்று கிரேக்க அறிஞர் பலர் நம்பியிருக்க, பொருளிலிருந்தே ஒளி கண்ணுக்கு வருகிறதென்று தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார்கள். நிலைத்து நிற்கும் இந்த உண்மை இருக்கையில், இல்லாத சொல்லுறவை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

இனி, காமிராவை நட்ட கதை.

முதலில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம் ஒன்றை மருமகன் ஒட்டிப் பார்த்தான். படகின் மேற்பரப்பு வழுவழுப்பானதன்று. காலும் கையும் வழுக்காதிருக்கச் சொரசொரப்பாக வார்த்திருக்கிறார்கள். கிண்ணம் கால் மணி நேரங்கூட நிற்கவில்லை. அடுத்து இருகலவைப் பசை. இரவு முழுவதும் காய்ந்து கல்லாக இறுகியது. காலையில் விரலால் தட்டினோம், தோசை கழல்வதுபோல் முழுதாகக் கழன்று வந்தது. நமது துணைவியார் அப்போது சொன்னார்: "இது நம்ம தண்ணிக் குடம் செய்கிற பிளாஸ்டிக் இல்லையா? குடத்தில் ஓட்டை விழுந்தால் எவன் பசை போட்டு ஒட்டுகிறான்? கம்பியைக் காய்ச்சி உருக்கித்தானே அடைக்கிறான்!" அறுபது வயதை நெருங்கும் நாமும், ஒன்பது ஆண்டு வெளிநாடு கண்ட மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மைதான். பாலிஎத்திலீன் என்னும் அந்தப் பிளாஸ்டிக் எந்தப் பசையையும் எளிதில் ஏற்காது.

ஆகவே துளையிட்டுத் திருகாணி போடுவதொன்றே வழி. தண்ணீர் மட்டத்திற்கு மேலே, உட்புறம் கைவிட்டு எட்டக்கூடிய இடமாகப் பார்த்தோம். பழங்காநத்தம் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் துரு ஏறாத எஃகுத் திருகாணிகளும், உள்ளே கொடுக்க ஓர் அலுமினியத் தகடும், இடையே வைக்க ரப்பர் வளையங்களும் தந்தார். தகடு இல்லாவிட்டால் அலை உலுக்கும் உலுக்கலில் திருகாணி பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று அவர் எச்சரித்தது பின்னர் பயன்பட்டது. கம்பமாக நின்றது, வீட்டுக் குழாய்க்குப் போடும் பி.வி.சி. குழாய்தான். அதனுள் பஞ்சு ரப்பரை அடைத்து இரு முனைகளையும் மூடினோம். கழன்று விழுந்தாலும் மிதக்க வேண்டுமல்லவா? காமிராவுக்குத் தனியே ஒரு நைலான் கயிறு கட்டிப் படகோடு பிணைத்தோம்.

எங்கே நடுவது என்பதில்தான் வாதம் எழுந்தது. நாலு மணல் மூட்டைகளின் மேல் படகை ஏற்றி, அதில் மருமகன் அமர்ந்து, துடைப்பக் கம்பைத் தூண்டிலாகப் பாவித்து வீசிக் காட்டினான். தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டினார்கள். இருக்கைக்கு நேர் பின்னால் கம்பம் நின்றால், தலைக்கு மேலே சுழற்றும் தூண்டில் நரம்பு அதில் சிக்குகிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவனாதலால் இடப்புறம் ஒதுக்கி நட்டால் சிக்கவில்லை. மூன்றடிக்கு மேல் உயர்த்தினால் காற்றில் ஆடுகிறது; தாழ்த்தினால் முதுகு மட்டுமே தெரிகிறது. பின்புறம், இடப்பக்கம், மூன்றடி உயரம் என்று முடிவாயிற்று. அங்கிருந்து பார்த்தால் அவன் தோளுக்கு மேலாகத் தூண்டிலும் முன்னே விரிந்த கடலும் ஒருங்கே தெரியும். அன்று அவ்விடத்தில் தெரிந்தது கடலன்று, எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரும் அதற்கப்பால் மலை முகடுமே. எனினும் காட்சி அழகாகவே இருந்தது.

அப்போது மருமகன் ஒரு வார்த்தை சொன்னான். "மாமா, இங்கே வைத்தால் கை எட்டாது. பொத்தானை அழுத்த ஒவ்வொரு தடவையும் திரும்ப வேண்டியிருக்கும்."

"திரும்பினால் என்ன? பார்க்கிறவனுக்கு இதுதான் நல்ல இடம்" என்றோம் நாம்.

இந்த வார்த்தையை நாம் பின்னர் எத்தனை இரவுகள் நினைத்துப் பார்த்தோம் என்பதை இறைவனே அறிவான்.

மற்றொரு செய்தியையும் அந்தத் திண்ணையில் அறிந்தோம். இக்காமிராவின் கண்ணாடி மிக அகன்ற பார்வை உடையது. அருகில் உள்ளதைப் பெரிதாகவும் தொலைவில் உள்ளதை மிகச் சிறிதாகவும் காட்டும். மருமகன் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையை நீட்டிக் கண்ணாடிக்கு முன்னே கொணர்ந்து காட்டினான், சாத்துக்குடியாகத் தெரிந்தது. "மீனையும் எல்லாரும் இப்படித்தான் காட்டுகிறார்கள் மாமா" என்றான். நாம் அவனுக்கு ஹதீஸ் கலையின் பாலபாடத்தைச் சொன்னோம். அறிவிப்பாளர் ஒருவரை ஏற்க இரண்டு தகுதிகளைப் பார்ப்பார்கள்: ஒன்று ளப்து, கேட்டதைக் கேட்டவாறே பேணும் ஆற்றல், மற்றொன்று அதாலத்து, அவருடைய நேர்மை. இந்தக் காமிராவுக்கு உலகில் எந்த மனிதருக்கும் இல்லாத ளப்து இருக்கிறது. அதாலத்து அதனிடம் இல்லை. அதை நட்டவனிடந்தான் தேட வேண்டும். மருமகன் பழத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக் காட்டினான். எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகவே தெரிந்தது. தொண்டிக்குச் சென்ற பின்னரும் மீனை அவ்வாறே பிடித்துக் காட்டினான். அதனால் அவனுடைய மீன்கள் பிறருடைய மீன்களை விடச் சிறுத்தே தெரிந்தன.

ஆடி இறுதியில் படகு தொண்டி போய்ச் சேர்ந்தது. பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது. கடற்புற்கள் படுக்கை விரித்தாற்போல் வளர்ந்திருப்பது. அப்புல்லை மேயும் ஆவுளியாவைக் காக்கவென்றே, தொண்டிக்கு வடக்கே தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022இல் காப்பகமாக அறிவித்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். நிலம் மறைத்து நிற்பதால் பாக் நீரிணை அமைதியாயிருக்கும். வாடைக்காற்றுத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு உள்ள தடை துடுப்போடத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் காமிராவுடன் நுழைந்து, தன் குற்றத்துக்குத் தானே சாட்சி தயாரித்துக்கொள்ளக் கூடாதென்று மருமகனுக்குச் சொல்லி வைத்தோம். தொண்டிக்கு அண்மையிலுள்ள காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறையார் சுற்றுலாவினருக்குக் காயக் விடுவதால், ஊரார்க்கு இவ்வோடம் புதுமையாகவும் தோன்றவில்லை.

ராத்தாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "வாப்பா காலத்தில் கூட யாரும் தனியாகக் கடலுக்குப் போனதில்லை. அதிலே காமிரா வேறு. எல்லார் கண்ணும் பட்டுவிடும் தம்பி" என்று தொலைபேசியில் நம்மிடம் முறையிட்டார். கண்ணேறு பற்றி நமக்குத் தெரிந்த நாலு வார்த்தைகளைச் சொல்லிச் சமாதானப்படுத்தினோம்.

இரண்டு மாதத்தில் இருபத்து மூன்று படங்களை மருமகன் வெளியிட்டான். ஊளியும் முரலும் சிறு பாறையும் வந்தன. பார்ப்பவர் தொகையும் சிறுகச் சிறுக ஏறிற்று. கடன் தவணைக்கு அது எட்டவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் ஒருநாள், முன்னறிவிப்பின்றித் திருநகருக்கு வந்தான். வலது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. எதுவும் பேசாமல் மடிக்கணினியைத் திறந்து நம்முன் வைத்தான்.

ஸுபுஹுக்குப் பிந்திய வெளிச்சம். அவன் முதுகும், தூண்டிலும், வெளிறிய கடலும். காற்றுத் திசை மாறிவிட்டதை நீரின் மேற்பரப்பில் நெளிந்த கோடுகள் காட்டின. உயிர்காப்புச் சட்டையை அவன் அணிந்திருக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். மீன் எதுவும் கடிக்காத நேரத்தில் மின்கலத்தை வீணாக்க வேண்டாமென்று, காமிராவை நிறுத்துவதற்காகத் திரும்பினான். வலக்கை இடத்தோளைத் தாண்டி நீண்டது. அவன் முகம் கண்ணாடிக்கு மிக அருகே வந்து பெரிதாகத் தெரிந்தது. விரல் பொத்தானைத் தேடிற்று. ஒரு முழந்தான் எட்டவில்லை. இன்னும் சற்றே சாய்ந்தான். வானம் பக்கவாட்டில் சரிந்தது. பின் எல்லாம் பச்சை.

பொத்தான் அழுந்தவில்லையாதலால் காமிரா தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரரின் தகடு பிடியை விடவில்லை. பதினொரு நிமிடம். கவிழ்ந்த படகின் அடியில் தலைகீழாகத் தொங்கிய காமிரா, நீரையும் அவன் உதைக்கும் கால்களையும் காட்டிற்று. இரண்டு முறை அவன் படகை நிமிர்த்தியபோது வானம் வந்தது. ஏற முயன்றதும் மீண்டும் கவிழ்ந்து பச்சை வந்தது. வானம் தெரிந்த அந்தச் சில நொடிகளில் குரலும் கேட்டது. கலிமாவைச் சொல்கிறான், மூச்சு வாங்குகிறது. பிறகு, ஐந்து வயதுப் பிள்ளை இருட்டில் கூப்பிடுவதுபோல, "உம்மா" என்று ஒரு கூப்பாடு.

மூன்றாம் முறை, மேலே ஏறுவதை விட்டுவிட்டு உடம்பை நீர்மட்டத்தில் நீளக் கிடத்தினான். கால்களைப் பின்னே மிதக்கவிட்டு, நீந்துவதுபோல் உதைத்துக்கொண்டு, படகை மார்புக்குக் கீழே இழுத்தான். வயிறு இருக்கையின் மேல் குறுக்காக விழுந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, மல்லாந்து, இடுப்பை இருக்கையில் இறக்கி, கடைசியில் கால்களை உள்ளே எடுத்துக்கொண்டான். முதலிரு முறைகளும் தவறியது ஏனென்றால், கால்கள் படகின் அடியில் போய்விட்டன; அந்நிலையில் மேலே ஏறினால் படகு ஏறுகிறவன் மேலேயே கவிழும். புஜைராவில் யாரோ சொல்லிக் கொடுத்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததாம். உயிர்காப்புச் சட்டை அதற்குள் மிதந்து கண்ணுக்கெட்டாத தொலைவு போய்விட்டது.

படம் முடிந்த பின்னர் நாம் வாய் திறக்கவில்லை. அவனே பேசினான்.

"மாமா, இதைப் போட்டால் இருபத்து மூன்று படமும் சேர்ந்து பார்க்கப்பட்டதைவிட அதிகம் பேர் ஒரே நாளில் பார்ப்பார்கள். மூன்று தவணை அடைந்துவிடும். போடலாமா?"

பொய் இல்லை, பிறர் மானம் இல்லை. நாம் விதித்த நிபந்தனை இரண்டும் நிறைவேறித்தான் இருந்தன. கிதாபுகளைப் புரட்டியிருந்தால் தடையென்று சொல்ல ஒன்றும் கிடைத்திராது. ஆயினும், காமிராவை அங்கே நட்டவர் நாம். அந்த ஒரு முழத்தை வைத்தவர் நாம். இந்த நிலையில் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை என்று தோன்றிற்று. அதை அவனிடம் வெளிப்படையாகவே சொன்னோம். "நீ கை எட்டாது என்றாய், நாம் கேட்கவில்லை" என்றோம். அவன் தலையை ஆட்டி மறுத்தான். நாம் மேலும் சொன்னோம்: "இதில் இருப்பது உன் குரல். ஆனால் கூப்பிடப்பட்டவர் வேறொருவர். அவரிடம் கேள்."

அவன் தொண்டிக்குத் திரும்பி, நாலைந்து நாள் தயங்கி, பிறகு ராத்தாவிடம் காட்டினான். பதினொரு நிமிடமும் ராத்தா அசையாமல் பார்த்தாராம். முடிந்ததும், "நீ ஏறினாயே, கடைசியில், அந்த மாதிரி ஏறத் தெரிந்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளை பிழைப்பானா?" என்று கேட்டாராம். "பிழைப்பான் உம்மா" என்றானாம். "அப்படியென்றால் அதை மட்டும் போடு. என்னைக் கூப்பிட்டதைப் போடாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

அவ்வாறே நான்கு நிமிடப் படம் ஒன்று வெளிவந்தது. கடலில் எடுத்த ஒலியை நீக்கி, மேலேறும் முறையை அவன் தன் குரலில் விளக்கியிருந்தான். உயிர்காப்புச் சட்டையைச் செருகி வைத்தது தன் பிழையென்றும் அதில் சொன்னான். பார்த்தவர் தொகை அவன் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தவணைகள் தவணைகளாகவே நின்றன.

ராத்தா நம்மிடம் மூன்று வாரம் பேசவில்லை. நமது துணைவியாருடன் பேசுவார். நாம் தொலைபேசியை வாங்கினால் இணைப்பு அறுந்துவிடும். அக்டோபர் இறுதியில் நாமே பேருந்தேறினோம். சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று அந்த நெடிய வறண்ட சாலையில் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே சென்றோம். சொல்ல வேண்டிய தேவை நேரவில்லை. வாசலிலேயே ராத்தா, "வந்தது நல்லதாய்ப் போயிற்று தம்பி. அந்தக் கம்பைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போ" என்றார்.

வாடை தொடங்கிவிட்டமையால் படகு முற்றத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நாமும் மருமகனும் அதை நிமிர்த்திப் பழைய திருகாணிகளைக் கழற்றினோம். துளைகளைக் காய்ச்சிய கம்பியால் உருக்கி அடைத்தோம். அந்தக் கலை இப்போது நமக்குத் தெரியும். இம்முறை அவனை உயிர்காப்புச் சட்டையுடன் இருக்கையில் அமர்த்தினோம். முதுகைச் சாய்க்காமல், தோளைத் திருப்பாமல், கையை மட்டும் நீட்டச் சொன்னோம். விரல் நுனி சென்று தொட்ட இடத்தில், முழங்காலுக்கு முன்னே, கரியால் புள்ளி வைத்தோம். ஒரு சாண் உயரத் தண்டு போதும். அங்கிருந்து முன்னேயுள்ள கடல் தெரியாது. தூண்டில் வளைவது பாதிதான் தெரியும். துடுப்பிலிருந்து தெறிக்கும் நீர் கண்ணாடியில் அடிக்கடி விழும். அழகு குறைவான இடந்தான். காமிராவை முன்னோக்கித் திருப்பி வைத்தால் மீனாவது சற்றுத் தெரியுமே என்று நாம் திருகிக்கொண்டிருக்கையில், திண்ணையிலிருந்து ராத்தா சொன்னார்:

"எனக்கு மீனைப் பார்க்க வேண்டாம். அவன் முகம் தெரிகிற பக்கம் வை."

அப்படியே வைத்தோம். கயிற்றை ராத்தாவே வந்து கட்டினார். வாப்பாவிடம் கற்ற முடிச்சு.

2024 பிப்ரவரியில் கடல் தெளிந்ததும் மருமகன் மீண்டும் இறங்கினான். ஒவ்வொரு நாளும் கரையேறியதும் ஒரு செம்பு நல்ல தண்ணீரில் காமிராவைக் கழுவி, படத்தை முதலில் வீட்டில் காட்டுகிறான், பிறகுதான் வெளியிடுகிறான். அம்மாதத்தில் நாம் தொண்டி சென்றிருந்தபோது ஒருநாள் லுஹருக்குப் பின் ராத்தாவுடன் அமர்ந்து பார்த்தோம். ஆரஞ்சு நிறச் சட்டையில் அவன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் கரை சிறுத்துக்கொண்டே போயிற்று. துடுப்பிலிருந்து ஒரு துளி தெறித்துக் காமிராவின் கண்ணாடியில் விழுந்து, அவன் முகத்தை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றது. ராத்தா முந்தானையின் நுனியை எடுத்துக் கைப்பேசியின் திரையைத் துடைத்தார். துளி போகவில்லை. இன்னொரு முறை துடைத்தார்.